வரையும் நேரத்திற்கு விலை என்ன?

நியாயம் எது, அநியாயம் எது என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அரசு, போர், மதம் முதலிய பெரிய விஷயங்களையே எடுத்துக்கொள்வர். நான் ஈண்டு எடுத்துக்கொள்வது மிகச் சிறியதொரு விஷயம். பட்டணத்துக் கடைத்தெருவில் ஒரு பெயர்ப்பலகைக் கடை. கடைக்காரர் பலகையை அச்சிட்டு மாட்டுவதற்கு முன்னர், அதில் எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த நிறம் பொருந்தும் என்று உட்கார்ந்து யோசித்து மாதிரி ஒன்று வரைகின்றார். அந்த யோசனைக்கும் அந்த நேரத்திற்கும் அவர் கூலி கேட்கலாமா? கேட்கலாமெனில், எவ்வளவு கேட்பது நியாயம்?

‘இதுவும் ஒரு கேள்வியா?’ என்று சிலர் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே. நகைத்ததோடு நில்லாமல் அநியாயமும் செய்தேன். ஆதலின் அதனை முதலில் சொல்லிவிட்டு மேலே செல்வதே முறை.

2023ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென ஒரு படிப்பகம் அமைத்தோம். அதன் செயலாளர் பொறுப்பு என்மீது விழுந்தது. வாசலில் மாட்ட 8 அடிக்கு 3 அடியில் ஒரு பலகை வேண்டியிருந்தது. பட்டணத்தில் மூன்று கடைகளில் விசாரித்தேன். இரண்டு கடைக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை கூறினர். மூன்றாமவர், வயதில் மூத்தவர், தோட்டத்திற்கே வந்தார். சுவரை அளந்தார், பிள்ளைகள் எந்தப் பக்கமிருந்து வருவார்கள், மாலை வெயில் எங்கே விழும் என்று கேட்டார். மறுநாள் மாதிரியொன்று வரைந்து கைப்பேசிக்கு அனுப்பினார். பார்த்தவர் யாவரும் மகிழ்ந்தனர். ஆனால் அவர் கேட்ட விலை மற்றொரு கடையின் விலையைவிட 90 வெள்ளி அதிகம். நான் என்ன செய்தேன்? அவர் வரைந்த மாதிரியை அந்த மலிவுக் கடையில் கொடுத்து, ‘இதைப் போலவே அடித்துக் கொடுங்கள்’ என்றேன். பலகை வந்தது. 90 வெள்ளி மிச்சம். குழுவினர் என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தனர்.

இரண்டு மாதங்கள் கழித்து, வேறொரு வேலையாகத் தோட்டத்திற்கு வந்த அப்பெரியவர் படிப்பகத்தின் முன் சற்று நேரம் நின்றார். நான் ஒளிந்துகொள்ள இடமின்றி எதிரே போய் நின்றேன். அவர் சினக்கவில்லை. “தம்பி, எழுத்தை இழுத்து அகலப்படுத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், நல்லது. பலகை நன்றாக இருக்கிறது,” என்று மட்டும் கூறிவிட்டுப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதேனும் சொல்லி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் ஏசாதபடியால் இக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

நிற்க. அந்த மாதிரியில் அவர் என்னதான் செய்தார் என்பதை முதலில் பார்ப்போம்.

பலகைத் தொழிலில் வழங்கும் கணக்கொன்று உண்டு: பத்தடித் தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிப்பதற்கு எழுத்தின் உயரம் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்க வேண்டும். நூறடித் தூரத்திலிருந்து வருவோனுக்குப் பத்து அங்குலம் வேண்டும். மூன்றடிப் பலகையில் மொத்த உயரமே 36 அங்குலம். நம் நாட்டிலோ பலகை பெரும்பாலும் ஒரு மொழியோடு நிற்பதில்லை. ஊராட்சி மன்றங்களின் விதிகளின்படி தேசிய மொழி முதன்மையாக விளங்க வேண்டும். வணிகப் பலகைகளின் மலாய் வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் காட்டி ஒப்புதல் பெறுவதும் உண்டு. அதன் கீழே தமிழ் வர வேண்டும். தமிழ்ச் சொற்களோ நீளமானவை. மேல்விலங்கு மேலே ஏறும், கீழ்விலங்கு கீழே இறங்கும், புள்ளி தலைக்குமேல் இடம் கேட்கும். ஆங்கில எழுத்துக்கு விடும் இடைவெளியைத் தமிழுக்கு விட்டால், மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். இடம் போதாதென்று எழுத்தை நசுக்கினால் ‘ன’வும் ‘ண’வும் தூரத்தில் ஒன்றுபோல் தோன்றும்.

இவையனைத்தையும் நினைவிற்கொண்டு, எதைப் பெரிதாக்குவது, எதைச் சிறிதாக்குவது, எதை எழுதாமலே விடுவது என்று முடிவு செய்வதுதான் வரைவு. அச்சிடுவது இயந்திரம், முடிவு செய்வது மனிதன். நாம் அச்சுக்குப் பணம் கொடுக்கின்றோம். முடிவுக்குக் கொடுக்க மறுக்கின்றோம்.

முற்காலத்தில் இக்குழப்பம் இத்துணை இல்லை. பலகை எழுதுவோர் தூரிகையும் வர்ணமும் கொண்டு ஏணியில் ஏறி நின்று எழுதினர். நூலில் சுண்ணத்தைத் தடவிக் கோடு தட்டுவதும், கரிக்கோலால் எழுத்தை அமைப்பதும், பின்னர் வர்ணம் பூசுவதும் எல்லாம் நம் கண்ணெதிரே நடந்தன. யோசனையும் கைவேலையும் ஒன்றாகவே கலந்திருந்தபடியால், கூலி இரண்டிற்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டில் பெரியார் ஈ. வெ. ரா. தமது ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அவற்றுள் 13 எழுத்துகளை ஏற்று ஆணை பிறப்பித்தது. பின்னர் அம்முறை நம் நாட்டிலும் பரவியது. அப்பொழுதெல்லாம் தம் கைப்பழக்கத்தை மாற்றி, பழைய ‘லை’யை விட்டுப் புதிய ‘லை’யை எழுதக் கற்றவர்களுள் பலகை எழுதுவோரும் அடங்குவர். அக்கல்விக்கு அவர்களுக்கு யாரும் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் எழுதிய ஒவ்வொரு பலகையிலும் இருந்தது.

1980களில் எழுத்தை வெட்டும் இயந்திரம் மேல்நாட்டுக் கடைகளில் புகுந்தது. பின்னர்ப் பெரிய துணியில் நேராக அச்சிடும் இயந்திரம் வந்தது. கைவேலை இயந்திரத்துக்குப் போயிற்று. விலை சதுர அடிக்கணக்காயிற்று. யோசனை மட்டும் மனிதனிடமே நின்றது. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையைத் துணியோடு சேர்த்து அளக்க வழியில்லை. ஆதலின் கடைக்காரர் பலர் ‘வரைவு இலவசம்’ என்று வாசலிலேயே எழுதி வைத்தனர். இலவசம் என்று எழுதிய அப்பலகையை வரையவும் அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்திருக்கும்!

அன்பர்களே! உலகில் இலவசம் என்று ஒன்று இல்லை. யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றார். இங்கே கொடுப்பவர் யார்? ஒரு வாடிக்கைக்காரர் முதல் மாதிரியையே ஏற்றுக்கொண்டு பணம் கட்டுகின்றார். மற்றொருவர் பன்னிரண்டு முறை மாற்றச் சொல்கின்றார். ஒவ்வொரு முறையும் அவருடைய மனைவி, மைத்துனர், பங்காளி ஆகியோரின் அபிப்பிராயம் வந்து சேர்கின்றது. சதுர அடிக்கு இருவருக்கும் ஒரே விலை. அப்படியாயின், பின்னவருடைய பன்னிரண்டு மாற்றங்களின் செலவில் ஒரு பங்கை முன்னவர் தம்மை அறியாமலே கட்டுகின்றார். எஞ்சியதைக் கடைக்காரரின் மனைவி மக்கள் கட்டுகின்றனர், அவர் இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவதன் மூலம். இலவசம் என்பது, கேட்கத் துணிந்தவனின் செலவைக் கேட்கத் துணியாதவன் தலையில் ஏற்றுவதேயாம்.

ஆகவே வரைவுக்குக் கூலி உண்டு என்பது தெளிவு. இனி எவ்வளவு என்பதே கேள்வி. இதில் மூன்று அளவுகோல்களைச் சொல்லலாம்: செலவிட்ட நேரம், கற்ற திறமை, வாங்குவோன் பெறும் பயன்.

இங்கிலாந்தில் 1878ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். விஸ்லர் என்னும் ஓவியர், இரவில் வாணவேடிக்கை சிதறுவதைத் தீட்டிய படமொன்றுக்கு 200 கினி விலை வைத்தார். ரஸ்கின் என்னும் புகழ்பெற்ற கலை விமர்சகர், அது பொதுமக்களை ஏமாற்றும் விலை என்னும் கருத்துப்பட 1877இல் கடுமையாக எழுதினார். ஓவியர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு விலை என்று கேட்டார். இரண்டு நாளுக்கன்று, தம் வாழ்நாள் முழுதும் தேடிய அறிவுக்கு என்று ஓவியர் விடை பகர்ந்தார். நடுவர்கள் ஓவியருக்கே வெற்றியளித்தனர். ஆனால் நஷ்டஈடாக அளித்தது ஒரு பார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர்ந்து கொள்ள, 1879இல் அவர் கடன் தீர்க்க இயலாது திவாலானார்.

வேடிக்கை யாதெனில், இந்த ரஸ்கினே ஏழைத் தொழிலாளியின் நியாயக் கூலிக்காக வாதாடி ‘அண்டு திஸ் லாஸ்ட்’ என்னும் நூலை எழுதியவர். 1860இல் கட்டுரைகளாகவும் 1862இல் நூலாகவும் வெளிவந்த அதனை, காந்தியடிகள் 1904இல் ஜொஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இரயிலில் செல்லும்போது படித்தார். வழக்கறிஞனின் உழைப்புக்கும் நாவிதனின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்னும் கருத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். அவ்வாண்டே ஃபீனிக்ஸ் பண்ணையை அமைத்து, அங்கே பத்திரிகை வேலை செய்வோர் அனைவருக்கும் நிறம், நாடு பாராமல் மாதம் 3 பவுன் என்று ஒரே சம்பளம் வகுத்தார்.

இவ்விரண்டில் எது சரி? ஓவியர் திறமைக்கு விலை கேட்டார். காந்தியடிகள் உழைத்த மனிதனுக்கு விலை வைத்தார். எனக்குத் தோன்றுவது, இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடையளித்தனர் என்பதே. ஒரு மனிதனின் ஒரு மணி நேரம் மற்றொரு மனிதனின் ஒரு மணி நேரத்தைவிடத் தாழ்ந்ததன்று என்பது உண்மை. ஆயினும் இன்று ஒரு மணியில் முடியும் வேலைக்குப் பின்னே, கூலியின்றிக் கற்ற பல நூறு மணிகள் நிற்கின்றன என்பதும் உண்மை. அந்த மணிகளும் ஒரு மனிதனுடைய வாழ்நாளே. அவற்றைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பெறுவதே திறமைக்கான கூலி. இப்படிப் பார்த்தால், திறமைக்கூலியும் நேரக்கூலியே; முன்னமே கொடுத்துவிட்ட நேரத்தின் கூலி.

மூன்றாவது அளவுகோல், பயன். ஒரு பெரிய நகைக் கடைக்கு வரையும் சின்னம் அவர்களுக்கு இலட்சக்கணக்கில் பயன் தரலாம். தோசைக் கடைக்கு வரைவது பத்து வாடிக்கையை மட்டும் கூட்டித் தரலாம். பயனுக்குத் தக்க விலை வைப்பது பெரிய விளம்பர நிறுவனங்களில் காணும் வழக்கம். சிறு கடைக்காரரும் அவ்வாறு செய்யலாமா? ஓரளவு செய்யலாம். நகைக் கடையின் வேலையில் பொறுப்பும் ஆராய்ச்சியும் அதிகம். அவற்றின் நேரத்தைக் கூட்டிக் கேட்பது நியாயம். ஆனால் வாசலில் வந்து நின்ற காரின் பளபளப்பைப் பார்த்து விலையை ஏற்றுவது நியாயமன்று. அது மருந்துக் கடைக்காரன் நோயாளியின் முகத்தைப் பார்த்து விலை சொல்வதை ஒக்கும். திருவள்ளுவர், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகருக்கு வாணிகம் என்னும் கருத்தை ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வைத்தார். ‘வாணிகம்’ என்று தனி அதிகாரம் வகுத்து அங்கே வைக்கவில்லை. நடுவு நிலைமை என்பது நீதிபதிக்கு மட்டும் உரியதன்று என்பதே அதன் பொருள்.

இனி நேரத்தை அளப்பதைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஏனெனில் அதுவே என் தொழில். தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் எழுதுகின்றவன் நான். பெரட்டுக்கு யார் வந்தார், எத்தனை குலை இறக்கினார் என்பதைப் பதிவதே என் வேலை. நாட்கூலி, வேலைக்கூலி என்னும் இரண்டையும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். நாட்கூலியில் வேகமாகச் செய்பவனுக்கு நஷ்டம். வேலைக்கூலியில் மேட்டு நிலமும் உயர்ந்த மரமும் கிடைத்தவனுக்கு நஷ்டம். தன் கையால் செய்யாத வேலைக்குக் கூலி பெறும் வழியும் அன்று இருந்தது: தொழிலாளி வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. யாருடைய நேரத்தை யார் விற்பது என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று.

அதே நோய் பலகைக் கடைக்கும் உண்டு. மணிக்கணக்கில் கூலி வாங்கினால், கைதேர்ந்தவர் ஒரு மணியில் முடிப்பதற்குக் குறைந்த கூலியும், கற்றுக்குட்டி ஐந்து மணியில் முடிப்பதற்கு அதிகக் கூலியும் கிடைக்கும். இது தலைகீழான நியாயம். வேலைக்கு இவ்வளவு என்று முன்னமே நிச்சயித்தால், பன்னிரண்டு முறை மாற்றச் சொல்பவரிடம் கடைக்காரர் சிக்கிக்கொள்வார். ஆதலின் இரண்டையும் இணைப்பதே வழி.

இவ்வழியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அப்பெரியவரிடமே கேட்டறிந்தேன். அவர் வந்து போன மறுமாதம், என் மனம் பொறாமல் அவர் கடைக்குச் சென்றேன். “அண்ணே, அன்று நீங்கள் வரைந்ததற்குக் கூலி கொடுக்க வந்தேன்,” என்றேன். அவர் உடனே பதில் கூறாமல் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் என் பெயரும் தேதியும் இருந்தன. தோட்டத்திற்கு வந்து அளந்தது ஒரு மணி, வரைந்தது இரண்டரை மணி, வாசகம் சரிபார்த்தது அரை மணி, ஆக நான்கு மணி என்று எழுதியிருந்தது. கூலி வராத வேலைக்கும் ஏன் கணக்கு வைத்தீர்கள் என்று கேட்டேன். “கணக்கு வைக்காவிட்டால், எங்கே போகிறது என்றே தெரியாமல் போய்விடும் தம்பி,” என்றார்.

பின்னர் ஒரு மணிக்கு எவ்வளவு என்பதை விளக்கினார். கடை வாடகையில் வரைவு வேலையின் பங்கு, மின்சாரம், கணினி, அவருடைய குடும்பச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 5,200 வெள்ளி. மாதம் 26 நாள், நாளொன்றுக்கு 8 மணி, ஆக 208 மணி. இதனால் வகுத்தால் மணிக்கு 25 வெள்ளி. “தொடக்கத்தில் நானும் அப்படித்தான் வகுத்தேன், கடனாளி ஆனேன்,” என்றார். ஏன்? 208 மணியும் வரைவதில் கழிவதில்லை. விலை கேட்க வருவோரிடம் பேசுவது, ஊராட்சி மன்றத்துக்கு அலைவது, பாக்கி வசூலிப்பது ஆகியவற்றில் ஒரு பகுதி போய்விடும். உண்மையாக வேலையில் செல்வது 130 மணியே. 5,200ஐ 130ஆல் வகுத்தால் 40 வெள்ளி. இதுவே அவர் கணக்கு.

மணிக்கு 40 வெள்ளியா என்று மலைப்போர் உண்டு. 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அதனோடு ஒப்பிட்டால் 40 பெரிதாகத் தோன்றும். ஆனால் சம்பளக்காரன் கடை வாடகை கட்டுவதில்லை. அவன் வேலையின்றிக் காத்திருக்கும் நேரத்துக்கும் முதலாளி கூலி கொடுக்கின்றார். அவனுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. தன் கடையில் தானே உழைக்கும் சிறு தொழிலாளிக்கு அச்சட்டக் காவல் இல்லை. அவனுக்குக் காவல் அவனுடைய கணக்கும் நம்முடைய மனச்சாட்சியுமே.

நான்கு மணிக்கு 160 வெள்ளி. நான் 200 வெள்ளி நீட்டினேன். அவர் 40 வெள்ளியைத் திருப்பித் தந்து, ரசீதும் எழுதினார். “அதிகம் வாங்கினாலும் கணக்குத் தப்புதானே,” என்றார். அவருக்கு நான் அளிக்க நினைத்தது தானம். அவர் ஏற்றுக்கொண்டது கூலி. அப்பணம் என் சொந்தப் பணம். குழுவிடம் கேட்டபோது, ‘நாம் எதிலும் கையெழுத்திடவில்லையே, அவராகத்தானே வரைந்தார், பொதுப்பணத்தை வீணாக்கலாமா?’ என்றனர். பொதுப்பணத்தைக் காப்பது நல்ல குணமே. ஆனால் நாங்கள் காத்தது எங்கள் பணத்தையன்று. வேறொருவருடைய கூலியை எடுத்து அதற்குப் பொதுநலம் என்று பெயரிட்டோம். 90 வெள்ளி மிச்சம் என்று நான் பெருமை கொண்ட கணக்கில், 160 வெள்ளி கடன் மறைந்திருந்தது.

இவ்விடத்தில் நம் சமூகத்தைப் பற்றி ஒரு சொல். நம்மவர் சடங்கு செய்விக்கும்போது, பொருள் விளங்காத மந்திரத்துக்குப் பேரம் பேசாது தட்சிணை வைக்கின்றனர். அது எத்தனை மணி நேரம் பிடித்தது, வேறொருவர் மலிவாக ஓதுவாரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கையால் உழைப்பவன் தன் அறிவுக்கு விலை கேட்டால், ‘உட்கார்ந்து நாலு கோடு போட்டதற்கா?’ என்கின்றனர். காரணம் யாதெனில், கைத்தொழில் செய்வோனுக்கு அறிவு உண்டு என்பதையே நம் பழைய சாதி மனம் ஒப்புக்கொள்வதில்லை. தச்சன், குயவன், நாவிதன் ஆகியோரின் திறமை பிறப்பால் வந்தது, ஆகவே அதற்குத் தனி விலை இல்லை, ஊரார் தயவாகக் கொடுப்பதே போதும் என்று வைத்திருந்த சமூகம் நம்முடையது. கடல் கடந்து வந்தும் அந்த மனம் முழுதும் கரையவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டனர். கூலியும் மரியாதையும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று அவர்கள் அறிந்திருந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், இன்னொரு தொழிலாளியிடம் துரைபோல் நடக்கலாமா?

சிலர் வேறொரு தடை கூறுவர்: ‘இப்பொழுது கணினியே சில நொடியில் படம் வரைந்து தருகின்றதே, இனி வரைபவனுக்குக் கூலி எதற்கு?’ இயந்திரம் வேகமாக வரைவது மெய்யே. அதனால் நேரம் குறைந்தால் கூலியும் குறையலாம். அதை மறைத்துப் பழைய கூலியே வாங்குவது கடைக்காரரின் தவறு. ஆனால் இயந்திரம் நம் வாசலில் வந்து நின்று வெயில் எங்கே விழும் என்று கேட்பதில்லை. தமிழில் ஒற்றுப் பிழை விழுந்தால் அதன் பொறுப்பை ஏற்பதுமில்லை. சரிபார்ப்பதும் பொறுப்பேற்பதும் எவருடைய வேலையோ அவருக்குக் கூலி உண்டு.

ஏழை வாடிக்கைக்காரரை என்ன செய்வது என்று கேட்கலாம். கணவனை இழந்த ஒரு பெண் புதிதாகப் பலகாரக் கடை வைக்கின்றாள். அவளிடமும் வரைவுக்கூலி கேட்பதா? குறைத்து வாங்கலாம், வாங்காமலும் விடலாம். ஆனால் ரசீதில் ‘வரைவுக்கூலி இவ்வளவு, தள்ளுபடி இவ்வளவு’ என்று எழுதுவதே நன்று. அப்பொழுதுதான் உதவி உதவியாக நிற்கும்; வேலை மதிப்பற்றதாகிவிடாது.

இனி இருதரப்பாரும் கைக்கொள்ளத்தக்க முறைகளாக எனக்குத் தோன்றுபவற்றைக் கூறி முடிக்கின்றேன்.

பலகைக்காரர், வரைவுக்கூலி உண்டு என்பதை வேலை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். பின்னர்ச் சொல்லும் கூலி நியாயமானதாயினும் அநியாயமாகவே தோன்றும். தம் அனுபவத்தால் இத்தனை மணி ஆகும் என்று மதித்து ஒரே தொகையாகக் கூறி, அதில் இரண்டு முறை மாற்றம் அடங்கும், அதற்குமேல் மணிக்கணக்கில் கூலி என்று நிச்சயிக்கலாம். தம் கைத்தவறால் வந்த திருத்தத்துக்குக் கூலி கேட்கலாகாது. புதிய கருவியைப் பழக எடுத்த நேரத்தை ஒரே வாடிக்கைக்காரர் தலையில் ஏற்றலாகாது. ஒருவருக்கு வரைந்ததையே பெயரை மட்டும் மாற்றி இன்னொருவருக்குக் கொடுத்து, இருவரிடமும் முழுக்கூலி வாங்கலாகாது. பலகையையும் தம்மிடமே செய்தால் வரைவுக்கூலியைக் கழிப்பதாகச் சிலர் கூறுவர். வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அதில் குற்றமில்லை.

வாடிக்கைக்காரர், வாசகத்தை முழுமையாகவும் பிழையின்றியும் எழுதிக் கொடுக்க வேண்டும். அபிப்பிராயம் சொல்வோர் பத்துப் பேராயினும், முடிவு சொல்வோர் ஒருவராக இருக்க வேண்டும். ஒருவருடைய மாதிரியை மற்றொரு கடைக்குக் கொண்டு செல்ல விரும்பினால், முன்னதன் கூலியைக் கொடுத்துவிட்டுக் கொண்டு செல்ல வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வேறு உடன்படிக்கை இல்லையெனில், பிறரைப் பணித்துச் செய்வித்த படைப்பின் உரிமை பணித்தவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். உரிமை நம்மிடம் வருவது உண்மையாயின் விலை அவரிடம் போவதும் உண்மையாக வேண்டும். பணியே கொடாமல் ‘சும்மா ஒரு மாதிரி காட்டுங்கள்’ என்று வாங்கியது நம்முடையது என்று எண்ண எந்த நியாயமும் இல்லை.

சென்ற ஆண்டில் எங்கள் படிப்பகத்தின் உள்ளே இன்னொரு பலகை தேவைப்பட்டது. கூட்டத்தில் நான் வரைவுக்கூலியைத் தனியாக எழுதிய மதிப்பீட்டை வைத்தேன். ஓர் அங்கத்தினர் எதிர்த்தார். நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில் நான்கு பேர் ஆம் என்றனர், இருவர் இல்லை என்றனர். அப்பெரியவரிடமே வேலையைக் கொடுத்தோம். வாசகத்தில் ஓர் ஒற்று மிகாதிருந்ததை அவர்தாம் கண்டு சொன்னார். கூட்டத்தில் எதிர்த்த அங்கத்தினர் அன்று அருகில் நின்றிருந்தார். பிள்ளைகள் தினந்தோறும் பார்த்துப் படிக்கும் பலகையில் அப்பிழை ஏறியிருந்தால் எத்தனை ஆண்டுகள் நின்றிருக்கும் என்று அவரே கூறினார்.

அன்பர்களே! நாளைக்கு உங்கள் கடைக்கோ, சங்கத்துக்கோ, திருமணத்துக்கோ ஒரு பலகை வேண்டியிருக்கும். கடைக்காரரிடம் சதுர அடி என்ன விலை என்று கேட்பதோடு நில்லாமல், ‘வரைவதற்கு எவ்வளவு?’ என்றும் கேளுங்கள். அவர் சற்றே திகைப்பார். பின்னர் நியாயமான ஒரு தொகையைச் சொல்வார். அதைக் கொடுங்கள்.